மூன்று சொட்டு ரத்தமும் எட்டு மணி உத்தரவும்

இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவைத் தட்டுகிறவனை நம் பக்கத்தில் யாரும் நல்லவன் என்று எண்ணுவதில்லை. தட்டி எழுப்பி, விரலை நீட்டச் சொல்லி, ஊசியால் குத்துவதுதான் எங்கள் தொழில்.

யானைக்கால் நோயை ஆராய ஒரு சர்வகலாசாலைக் குழு உத்தரமேரூர்ப் பக்கம் வந்தது. அதில் ரத்தம் எடுக்கும் ஆளாக நான் சேர்ந்தேன். அதற்கு முன் அரிசி மில்லில் ராக்காவல். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. இங்கிலீஷ், அகராதியை வைத்துக்கொண்டு நானாகக் கற்றது. மைக்ராஸ்கோப், அடுத்தவன் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது. மில்லிலும் ரயிலிலும் ஆஸ்பத்திரியிலும் ராத்திரி முறை பார்த்துவிட்டு, பகலில் போர்வைக்குள் தூக்கத்தைத் தேடிக்கொண்டு கிடக்கும் கூட்டாளிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். தெருவில் தயிர்க்காரி கூவ, பக்கத்து வீட்டில் உரல் இடிக்க, ஓட்டு இடுக்கு வழியாக வெயில் சரியாகக் கண்ணில் விழ, நாம் படுகிற பாடு ராத்திரி தூங்குகிறவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

பகலில் ஒளிகிற ஜந்து

முதல் நாள் முதல் வீடு கண்ணப்ப நாயக்கருடையது. நாலு கிணறும் ஏரிப் பாசனமும் உள்ளவர். அவர் விரலை நீட்டினால் ஊரே நீட்டும் என்று எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். என் கையில் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய பெட்டி. என் கூட்டாளி கோதண்டம், அவன் கையில் ஓர் அரிக்கேன் விளக்கும் பதிவு நோட்டும். தெருமுனையிலேயே நாய்கள் எங்களை ஊருக்கு அறிவித்துவிட்டன. நாயக்கர் தடியோடுதான் கதவைத் திறந்தார். "இன்னாய்யா இது அக்குறும்பு? பகல்ல வந்தா ரத்தம் வராதா?" என்றார்.

ரத்தம் வரும், புழு வராது என்றேன். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் மனிதனின் மார்புக்குள் எங்கோ பதுங்கிக் கிடக்கும். ஊர் அடங்கிய பிறகு தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கிற நேரம் அதுதான். கொசுவின் வயிற்றில் ஏறி அடுத்த ஆளுக்குப் போக வேண்டுமே. அதனால், இரவு எட்டு மணிக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள், இடது கை மோதிர விரலில் குத்தி, மூன்று சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவ வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. இதை நான் சொல்லி முடிக்கிற வரை அவர் தடியைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் விரல் நீண்டது. குத்தினபோது அவர் முகம் சுளிக்கவில்லை. பஞ்சை அழுத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்:

"புழுவுக்குக்கூட எப்ப வெளிய வர்றதுன்னு ஒரு நேரங்காலம் கீது. உனக்கு இல்லியே, நைனா!"

எறும்பு தின்ற தெரு

தடவிய ரத்தம் ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும். எங்களுக்குக் கொடுத்திருந்த இடம் பழைய சத்திரம் ஒன்றின் பின்னறை. ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால், பெரிய தெருவின் கண்ணாடிகள் அத்தனையும் யாரோ நக்கித் துடைத்ததுபோல் பளபளவென்று இருக்கின்றன. மேசைக்கால் வழியாக எறும்புச் சாரை கடைசிப் பொருக்கைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்ப்பார். கோதண்டம் கதவைச் சாத்திவிட்டு, "என் விரல் கீது, உன் விரல் கீது. ரெண்டு பேரையும் குத்தி எல்லாக் கண்ணாடிலயும் தடவிடலாம்யா. எந்த ரத்தத்துல பேர் எழுதிக் கீது?" என்றான். நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஒரு பீடி தீர்கிற நேரம் யோசித்தேன். பிறகு மேசையின் நாலு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்திவிட்டு, அன்றிரவே அதே தெருவுக்கு மறுபடி போனோம்.

ஒரு வீட்டில் முந்தின இரவு அழுது ஓய்ந்த குழந்தை எங்கள் விளக்கைக் கண்டதுமே அலறியது. தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எறும்பு தின்றுவிட்டது என்று உண்மையையே சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. குழந்தையின் விரலை அவளே பிடித்து நீட்டினாள்.

"போன வாட்டி எறும்புக்கு, இந்த வாட்டி யாருக்குய்யா விருந்து?"

கண்ணாடி போகிற ஊர்

ஒரு நாள் பட்டணத்திலிருந்து பேராசிரியர் ஜீப்பில் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பெட்டியின் மேல் கிடந்த என் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுடையதா?" என்று கேட்டார். அந்த மரியாதையில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இந்தக் கண்ணாடிகள் எல்லாம் கடைசியில் எங்கே போகின்றன என்று கேட்டேன். புழுதி படிந்த ஜீப்பின் மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஒரு தெருவில் எத்தனை பேர் ரத்தத்தில் புழு இருக்கிறது என்று கல்லூரியில் பார்ப்பார்கள். ஓர் அளவுக்கு மேல் இருந்தால் அந்தத் தெரு பட்டியலில் ஏறும். பட்டியல் சர்க்காருக்குப் போகும். பட்டியலில் உள்ள தெருவுக்கு வீடு வீடாக மாத்திரை, கட்டின சாக்கடை, கொசு எண்ணெய். "பட்டியலில் இல்லாத தெரு?" என்றேன். "அங்கே நோய் இல்லை என்று அர்த்தம்" என்றார்.

அன்று பகல் எனக்குத் தூக்கமே வரவில்லை. வழக்கமாக வராததுபோல் அல்லாமல், சந்தோஷத்தில் வரவில்லை. எட்டாவதோடு நின்றவன் தடவுகிற சொட்டு, கோட்டையில் உத்தரவாகிறது! ஜீப் ஏறுவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை சொல்லியிருந்தார் பேராசிரியர். ஒன்று, யாருக்குப் புழு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஊரில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. மற்றது:

"நேரம் தவறின கண்ணாடி பொய்க் கண்ணாடி. அதை நானே நினைச்சாலும் கணக்கில் சேர்க்க முடியாது."

நூறு ஆகிற வரை

ஊருக்கு வெளியே இருந்த காலனிக்குப் போனபோது வீடுகளில் ஆண்கள் இல்லை. கோடை வெயிலில் ஏற்றம் மிதித்துத் தண்ணீர் இறைக்க முடியாது என்று நாயக்கர் கிணறுகளில் ராத்திரி இறைப்பு. பொழுது சாய்ந்து போகிறவர்கள் விடிந்துதான் திரும்புவார்கள். கஞ்சியைக் குடித்துவிட்டுப் பகலில் படுத்துக்கொள்வார்கள். நம் இனம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பெண்களையும் பிள்ளைகளையும் வீட்டில் குத்தி முடித்துவிட்டு, ஆண்களைத் தேடி ஒவ்வோர் இரவு ஒவ்வொரு கிணறாகப் போனோம். கடைசிக் கிணற்றில் ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தவன் முனுசாமி. இருபத்தைந்து வயது. காலனியின் சடுகுடு ஆட்டத்துக்குத் தலைவன். அவன் பாடிப்போனால் எதிராளிகள் மூலைக்கு ஓடுவார்கள் என்று பேர்.

கீழே தண்ணீர்ச் சால் பிடித்து ஊற்றுகிற பெரியவர் பாட்டிலேயே எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டு நின்றால் எண்ணிக்கை போய்விடும். மறுபடி ஒன்றிலிருந்து இறைக்க வேண்டும். நூறு ஆகாமல் ஆள் இறங்க மாட்டான். பாட்டு அறுபதில் இருந்தது. என் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். ஊசியையும் பஞ்சையும் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன். எழுபது. எண்பது. கோதண்டம் விளக்கைக் கடிகாரத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தான். நூறு என்ற சொல் வந்ததும் முனுசாமி குதித்தான். வியர்வையில் விரல் நிற்கவில்லை. மூன்று தரம் துடைத்த பிறகுதான் சொட்டு நின்றது. பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அவன் ஊசியைப் பார்க்கவில்லை, தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பனுக்கு யானைக்கால். நடக்க முடியாமல் நாலு வருஷம் கிடந்து போனவர்.

"ஏத்தமும் இந்தக் காலுதான், ஆட்டமும் இந்தக் காலுதான். பாத்துட்டு நெசத்தச் சொல்லு, ஊசிக்கார்ரே."

சொல்லக் கூடாத சொல்

காய்ந்த ரத்தத்தைத் தண்ணீரில் கழுவிச் சாயம் ஏற்றினால், புழு இருந்தால் நீல நூல் துண்டுபோல் சுருண்டு தெரியும். கல்லூரிக்கு அனுப்புவதற்கு முன் நாங்களும் ஒரு தரம் பார்த்து எழுதி வைப்போம். பெரிய தெருவில் நீல நூல் நிறைய. காலனியில் பெண்கள் சிலருக்கு இருந்தது. ஆண்கள் கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ஒருவர் விடாமல், ஒன்றும் இல்லை. எனக்கு எங்கோ உறுத்தியது. வீங்கின கால்கள் எத்தனையோவற்றை அந்தக் காலனியில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உத்தரவுப்படி எடுத்த கண்ணாடி. எறும்பு தொடாத கண்ணாடி. கல்லூரியிலும் அதே முடிவுதான் சொன்னார்கள். காலனி அந்த அளவுக்குக் கீழே போய்விட்டது, பட்டியலில் ஏறவில்லை.

நான் செய்த தப்பு அதற்குப் பிறகு. இரண்டாவது எச்சரிக்கையைக் காப்பாற்றினவன், முதலாவதைக் காற்றில் விட்டேன். ஒரு சாயங்காலம் முனுசாமி கிணற்றுக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தினான். மாதத்துக்கு ஒரு தரம் நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வருகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது, ஒரு மாதம் ஏற்றத்தை விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன் என்றான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உன் ரத்தம் சுத்தம்டா, பயப்படாதே" என்றேன். அவன் என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

"சர்க்கார் கண்ணாடியே சொல்ட்சி! இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போவணும்? நடுக்கம் வந்தா வெயில்ல நின்னுக்கறேன்."

திருப்புலிவனத்து ஆட்டம்

அடுத்த மாதம் திருப்புலிவனத்தாரோடு ஆட்டம். ஏரிக்கரை ஓரத் திடலில் கூட்டம். தூங்க வேண்டிய பகல் நேரத்தில் நானும் போய் நின்றேன்; அவன் கால்களைப் பார்க்கத்தான் போனேன் என்று இப்போது தெரிகிறது. முனுசாமி கோட்டைத் தாண்டிப் பாடிப்போனான். இரண்டு பேரைத் தொட்டான். திரும்புகிறபோது மூச்சு நிற்கவில்லை, கால் நின்றுவிட்டது. கோட்டைத் தொட ஒரு முழம் இருக்கும்போதே விழுந்தான். அவன் பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் மண்ணில் கேட்டுக்கொண்டிருந்தது. எதிராளிகள் அமுக்க ஓடிவந்து, கை வைத்தவுடன் கையை எடுத்துக்கொண்டார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. பல் கிட்டி நடுக்கம். அவர்களே தூக்கி நிழலில் போட்டார்கள். வலது முழங்காலிலிருந்து பாதம் வரை சிவந்து இறுகிப் பளபளத்தது.

அவன் மனைவி அஞ்சலை ஈரத் துணியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். கூச்சல் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துணியை அவன் காலில் சுற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"உங் கண்ணாடி சுத்தமாத்தான் கீது, ஊசிக்கார்ரே. எம் புருசங் காலு ஏன் இப்டி கீது?"

ஒரு சொட்டு, பகல் பன்னிரண்டு

எனக்கும் சில வருஷமாக அப்படி ஒரு காய்ச்சல் வந்து போகும். என் ரத்தத்தை ராத்திரியில் எத்தனையோ தரம் நானே குத்திப் பார்த்திருக்கிறேன்; சுத்தம். திருப்புலிவனத்திலிருந்து திரும்பிய மூன்றாம் நாள், சத்திரத்து அறையில் படுத்தவன் நடுப்பகலில் திடுக்கிட்டு விழித்தேன். உடம்பெல்லாம் வியர்வை. புதிதாக வந்திருந்த ஊசிகளைச் சோதிக்க வேண்டும் என்று ஞாபகம். இதற்கெல்லாம் எட்டு மணி வரை காத்திருக்க வேண்டுமா என்று என் விரலையே குத்தினேன். சொட்டைக் காயவிடாமல், சும்மா, ஈரமாகவே மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ரத்த அணுக்களின் நடுவே ஒரு நூல் துள்ளியது. பக்கத்தில் இன்னொன்று. சாட்டை வீசுகிற மாதிரி, இடமும் வலமும் அணுக்களைத் தள்ளிக்கொண்டு, உயிரோடு.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. பயம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அதற்கு முன்னால் வந்தது ஒரு யோசனை. புழுவுக்கு ஏது கடிகாரம்? ஆள் அடங்குகிற நேரம்தான் அதற்கு ராத்திரி. பகலில் தூங்குகிறவனுக்குப் பகல்தான் ராத்திரி. மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கோதண்டத்தை உதைத்து எழுப்பினேன். கண்ணை வைத்துப் பார்த்தான். "யாரு ரத்தம்யா இது?" என்றான். என் விரலில் இருந்த பஞ்சைக் காட்டினேன். பிறகு தன் விரலையும் நீட்டினான். குத்திப் பார்த்தேன், அவனுக்கு இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு என் தோளைத் தொட்டான்.

"யோவ், அதுங்களும் உங்கூட ஷிப்டு மாத்திக்கினு கீதுங்கய்யா!"

தூங்குகிறவர்களை எழுப்புதல்

மறுநாள் உச்சிவெயிலில் காலனிக்குப் போனோம். கோதண்டம் பழக்கதோஷத்தில் அரிக்கேன் விளக்கையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். காலனிப் பிள்ளைகள் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தன. புளியமரத்து நிழலில் ராத்திரி இறைப்புக்காரர்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் இனத்தாரைப் பகலில் எழுப்புகிற பாவம் இன்னதென்று எனக்குத் தெரியும். கடைசியில் அஞ்சலைதான் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பினாள். முனுசாமி குடிசைக்குள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். விரலை நீட்டினான், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடியிலும் நேரத்தை உள்ளது உள்ளபடி எழுதினேன்: பகல் பன்னிரண்டரை, பகல் ஒன்று. விஷயம் கேள்விப்பட்டு நாயக்கர் குடையோடு வந்து, "பகல்ல இவனுங்க தூக்கத்தக் கெடுத்தா ராத்திரி ஏத்தம் யாரு மெரிப்பான், நீயா?" என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டுப் போகாமல், கடைசி ஆளுக்கு ரத்தம் எடுக்கிற வரை அங்கேயே நின்றார்.

சாயம் ஏற்றிப் பார்த்தால், கண்ணாடிக்குக் கண்ணாடி நீல நூல். ராத்திரி காலியாக இருந்த அதே பெயர்கள். முனுசாமியின் கண்ணாடியில் ஒரே பார்வையில் எண்ண முடியாத அளவு. நாங்கள் எழுதினதை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் அல்ல, உத்தரவுக்குப் பயந்தவர். நேரம் எழுதியிருந்த இடத்தைப் பார்த்ததும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டியல் பட்டணத்திலிருந்து கோட்டைக்குப் போகப் போகிறது, இப்போது போய் இதை நீட்டினால் மொத்த வேலையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். காலனிக்கு மாத்திரை வராதே என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பகல் கண்ணாடியைச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. சேர்க்கச் சொல்கிற உன்னை வேலையிலிருந்து எடுக்க அதிகாரம் இருக்கு."

மடியில் பெட்டி

விடியற்கால பஸ் ஏறினேன். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்; ஒரு கண்ணாடி உடைந்தால் ஒரு கால். பக்கத்தில் இருந்தவர் என்ன பெட்டி என்று கேட்டார். புழு என்றேன். காஞ்சிபுரம் வரை அந்தப் பலகை முழுக்க எனக்கே. பட்டணத்தில் இறங்கி, வழி கேட்டு, கல்லூரியைக் கண்டுபிடித்து, பேராசிரியரின் அறை வாசலில் நின்றபோது எனக்குச் சொல்ல வேண்டிய இங்கிலீஷ் அத்தனையும் மறந்துவிட்டது. "ஐயா, அவங்க பகல்ல தூங்கறவங்க" என்று மட்டும் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. முனுசாமியின் கண்ணாடியைத்தான் முதலில் வைத்தார். பிறகு ஒன்றொன்றாக எல்லாவற்றையும். அலமாரி உச்சியிலிருந்து பழுப்பேறிய ஒரு புஸ்தகத்தை எடுத்துப் பிரித்தார். அதில் இருந்தது. பகலில் தூங்கி இரவில் விழிப்பவருக்குப் புழு பகலில் வரும் என்று பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில் இருந்தது. எங்கள் படிவம் அச்சானபோது அந்தப் பொடி எழுத்தை யாரும் மேலே ஏற்றவில்லை.

"பட்டியல் நேற்றே போய்விட்டதே" என்றார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் எழுதிய காகிதங்களையும் அந்தப் புஸ்தகத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் உட்காரவில்லை. அந்த வராந்தாவை அன்று எத்தனை தரம் நடந்தேனோ, ஏற்றம் மிதித்திருந்தால் ஒரு காணி நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பட்டியலைத் திரும்ப வாங்க முடியவில்லை, ஆனால் பின்னிணைப்பாக ஒரு தாள் சேர்த்துக்கொண்டார்கள், காலனி அதில் ஏறிவிட்டது என்றார். அப்போதுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத்தனை படிச்சவங்க இதை எப்படி விட்டீங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் ராத்திரிதான் தூங்குவாங்கன்னு நினைச்சிட்டோம்னு சொன்னேன்."

புதுப் படிவம்

மழைக்கு முன்னால் காலனிக்கு மாத்திரை வந்தது. சாக்கடைக்குக் கல் வந்து இறங்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. மாத்திரை தின்ற முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் காய்ச்சல் அடித்தது; ரத்தத்தில் புழு சாகிற காய்ச்சல் அது. எனக்கும் அடித்தது. அந்த இரண்டு நாளும் அஞ்சலை சத்திரத்து வழியாகப் போகும்போது ஒரு சொம்பு கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். முனுசாமிக்கு அதன் பிறகு நடுக்கம் வரவில்லை. ஆனால் வலது கணுக்கால் பழைய கணுக்காலாகவில்லை. நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால், அவன் அந்த மாதமே ஏற்றத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், எப்படி இருந்திருக்கும் என்று பேராசிரியரைக் கேட்டேன். தெரியாது என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் எனக்கு அந்தப் பகல்களில் தூக்கம் இல்லை. முனுசாமி இப்போது பாடிப்போவதில்லை. பின்னால் நின்று பிடிக்கிறான். பிடித்தால் விடுவதில்லை என்று திருப்புலிவனத்தில் சொல்கிறார்கள்.

வேலையிலிருந்து என்னை எடுக்கவில்லை. அடுத்த கோடையில் புதுப் படிவம் அச்சாகி வந்தது. பெயர், வயது, தெரு. அதற்கு அடுத்து, முன்பு இல்லாத ஒரு கட்டம்: எப்போது தூங்குகிறவர்? நம் ஊருக்கு மட்டுமல்ல, எல்லா ஜில்லாவுக்கும் அதே படிவம் என்றார் இன்ஸ்பெக்டர், தானே கண்டுபிடித்ததுபோல. முதல் படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக முனுசாமியிடம்தான் போனேன். புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அந்தக் கட்டத்தைக் காட்டி, கேள்வியைப் படித்துச் சொன்னேன். அவன் அந்த வெற்றுக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். முதல் தடவையாக, அந்த ஆட்டத்துக்குப் பிறகு, என் முகத்தையும் பார்த்தான்.

"கெணத்துல நின்னியே அன்னிக்கி, இந்த ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ஊசிக்கார்ரே."

அந்தக் கட்டத்தில் ஊரார் எல்லாருக்கும் பதில் எழுதி முடித்துவிட்டேன். இரவில் பகல்காரர்களையும் பகலில் இரவுக்காரர்களையும் குத்தப் போகிற என் பெயருக்கு எதிரில் மட்டும் அது இன்னும் காலியாகவே இருக்கிறது.